கொடைக்கானல் முகாம்: பிள்ளைகள் வரும் முன்

மே 1, 2025, வியாழன்

எங்கள் சேகரத்து (பல சபைகள் சேர்ந்த திருச்சபை வட்டாரம்) பிள்ளைகள் முகாம் வழக்கமாகப் பாளையங்கோட்டையிலேயே, பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடக்கும். இந்த வருடம் கொடைக்கானல் என்று கமிட்டியில் முடிவானது. 8 வயது முதல் 14 வயது வரை 140 பிள்ளைகள். அவர்கள் திங்கட்கிழமை வருகிறார்கள். இடத்தைத் தயார் செய்ய முன்னதாகக் கிளம்பிய கூட்டத்தில் நானும் இருந்தேன். ஞாயிறு பள்ளி டீச்சர்கள் சிலர், காலேஜ் படிக்கும் தம்பி தங்கச்சிகள், ஒரு ஸ்டாஃப் நர்ஸ், அசன விழாக்களுக்கு, அதாவது சபைப் பொது விருந்துகளுக்கு, சமைக்கிற நாசரேத் பக்கத்து அண்ணாச்சி, அவருடைய கையாட்கள் இரண்டு பேர். வேன் கூரையில் அண்ணாச்சியின் வார்ப்புகள் என்கிற பெரிய சமையல் பாத்திரங்கள். அவற்றைக் கயிறு போட்டுக் கட்டி முடிக்கவே அரைமணி நேரம் ஆனது.

விருதுநகர் தாண்டும்போதே வெயில் ஏறிவிட்டது. வத்தலக்குண்டில் டீக்கு நிறுத்தினோம். டீ 12 ரூபாய், வடை 10. நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள் என்று பேச்சிலேயே கண்டுபிடித்த கடைக்காரர், "எங்க ஊர்க்காரரு உங்க ஊர்ல பேசித்தான் ஜெயிலுக்குப் போனாரு, தெரியுமா?" என்றார். சுப்பிரமணிய சிவாவைச் சொல்கிறார். 1884-இல் இங்கே பிறந்து, 1908-இல் வ.உ.சி.யோடு திருநெல்வேலியில் கைதானவர். எங்கள் தம்பிகளில் பாதிப் பேருக்கு அவர் இந்த ஊர்க்காரர் என்று தெரியாது. கடைக்காரர் இன்னொன்றும் சொன்னார்: "மலை ஏறுறதுக்கு முன்னாடி வயிறு நெறைய பரோட்டா சாப்பிட்டுடாதீங்க. பிள்ளைங்க வர்ற பஸ்ஸுக்கும் சொல்லிடுங்க." அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். அவர் சொன்னதைக் கேட்காமல் எதிர்க்கடையில் பரோட்டா சாப்பிட்ட இரண்டு தம்பிகள் டம்டம் பாறைக்கு முன்பே வேனை நிறுத்தச் சொன்னார்கள்.

அதற்கு முன்னால் காமக்காபட்டி சோதனைச்சாவடியில் ஒரு சிக்கல். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குப் போகிற வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். இந்தக் கோடையில் வாகனங்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு: வார நாட்களில் 4000, வார இறுதியில் 6000. எங்கள் இரண்டாவது வேனை, நேற்று இரவு திடீரென்று பழுது என்று சொல்லி, வேறு வண்டியாக மாற்றி அனுப்பியிருந்தார்கள். பாஸில் பழைய வண்டி எண். மே தினக் கூட்டம் வேறு. பின்னால் ஹாரன் சத்தம் தாங்கவில்லை. பணியில் இருந்த இளைஞர் கோபப்படவே இல்லை. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, எங்கள் போனிலேயே புது எண்ணைப் பதிவு செய்ய உதவினார். "சர்ச் கேம்ப்பா? நானும் சின்ன வயசுல போயிருக்கேன், அங்க குடுத்த பிஸ்கட் மட்டும்தான் ஞாபகம் இருக்கு" என்று சிரித்தார். வண்டி எண்ணைக் கிளம்புகிற நேரத்தில் சரிபார்க்க வேண்டும் என்று திங்கட்கிழமை பஸ்ஸின் பொறுப்பாளருக்கு அங்கிருந்தே போன் போட்டேன்.

வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே அடுத்த சோதனை, பிளாஸ்டிக்குக்கு. மலையில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. பிடித்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. எங்களிடம் பிளாஸ்டிக் பாட்டில் இல்லை, எல்லோரும் எவர்சில்வர் பாட்டில்தான் வைத்திருந்தோம். ஆனால் அலங்காரப் பெட்டியில் இருந்த பிளாஸ்டிக் தோரணங்களும் தெர்மகோல் தட்டுகளும் மாட்டின. எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டோம். விதி நல்ல விதி, அதில் எனக்கு வருத்தம் இல்லை. அலங்காரப் பொறுப்பிலிருந்த தங்கச்சியின் முகம்தான் வாடிவிட்டது.

பெருமாள்மலையிலேயே வாகனங்கள் ஊர்ந்துதான் வந்தன. செண்பகனூர் பக்கம் இருக்கிற முகாம் இடத்துக்கு நாங்கள் சேரும்போது மணி ஐந்து, மழை தூறிக்கொண்டிருந்தது. இடத்தைப் பார்த்துக்கொள்கிற அக்கா சாவிக்கொத்தோடு கேட்டில் நின்றிருந்தார். வணக்கம் சொல்லி முடிக்கும் முன்பே கேட்டார்: "போர்வை எத்தனை கொண்டு வந்திருக்கீங்க?"

மே 2, வெள்ளி

காலையில் கதவைத் திறந்தால் பளீரென்று வெயில், காற்று மட்டும் சில்லென்று. குளியலறைக் குழாயில் கை வைத்ததும் விரல் மரத்துப்போனது. ஊர் முகாமில் காலை ஐந்தரைக்குப் பிள்ளைகளை எழுப்பிக் குளிக்க வைப்போம். அதே கால அட்டவணையை அச்சடித்துக் கொண்டு வந்திருந்தோம். அக்கா அதை வாங்கிப் படித்துவிட்டு, "காலையில மூஞ்சி கழுவினா போதும்ங்க. குளியலைப் பதினோரு மணிக்கு வைங்க. வெயிலும் இருக்கும், பாய்லர் தண்ணியும் இருக்கும்" என்றார். இது யாருக்கும் தோன்றவில்லை. அட்டவணையில் முதல் திருத்தம் அது. காலைப் பாட்டு நேரமும் வேதபாடமும் முன்னால் வந்தன, குளியல் பின்னால் போனது.

பெரிய வேலை மெத்தைகள். மழைக்காலம் முழுவதும் அடுக்கி வைத்திருந்ததால் எல்லாவற்றிலும் ஈர வாடை. தம்பிகள் வரிசையாக நின்று கைமாற்றி எல்லாவற்றையும் புல்வெளியில் பரப்பினார்கள். "பன்னெண்டு மணிக்குள்ள உள்ள எடுத்துருங்க" என்று அக்கா இரண்டு தரம் சொன்னார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. பன்னிரண்டுக்குப் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்தது, எதிரில் இருந்த யூகலிப்டஸ் மரங்கள் மறைந்தன, பன்னிரண்டே முக்காலுக்கு மழை. அவர் பேச்சைக் கேட்டதால் ஒரு மெத்தைகூட நனையவில்லை. கோடையில் இங்கே மதிய மழை இப்படித்தான் என்றார். வெளி விளையாட்டுகளை மாலையிலிருந்து காலைக்கு மாற்றினோம். அட்டவணையில் இரண்டாவது திருத்தம்.

இன்றைய மதியச் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். அண்ணாச்சி 500 பேருக்கு அசனம் பொங்குகிறவர். பத்து மணிக்கே விறகடுப்பில் வார்ப்பை ஏற்றித் துவரம்பருப்பைப் போட்டார். பதினொன்றரைக்கு அகப்பையில் எடுத்து நசுக்கிப் பார்த்தார்: பருப்பு விரலில் வழுக்கியது, நசுங்கவில்லை. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, தீயும் நன்றாக எரிகிறது. விறகை இன்னும் தள்ளச் சொன்னார். பன்னிரண்டரைக்கும் அப்படியே. அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பருப்பு பழசு என்று கடைக்காரரைத் திட்டினார், அப்புறம் தண்ணீரில் உப்பு என்றார்.

நர்ஸ் தங்கச்சிதான் காரணத்தைச் சொன்னாள். கொடைக்கானல் ஏறக்குறைய 7000 அடி உயரம். இங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் 100 டிகிரிக்குப் போகாமல் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு விறகு வைத்தாலும் தண்ணீர் ஆவியாகப் போகுமே தவிரச் சூடு ஏறாது. அண்ணாச்சி வார்ப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப கொதிக்கிறது பொய்க் கொதியா?" என்றார். மருத்துவமனையில் கருவிகளைக் கொதிநீரில் வைப்பதைவிட அழுத்தத்தோடு நீராவியில் வைப்பது ஏன் என்பதையும் அவள் சேர்த்துச் சொல்ல, அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். முப்பது வருடம் சமைத்த மனிதர், மகள் வயதுப் பெண்ணிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டதைப் பார்த்து எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

அக்கா வழி சொன்னார். "குக்கர் இல்லாம இங்க துவரம்பருப்பு வேகாதுங்க. ராத்திரியே ஊறப் போட்டுருங்க, இல்லேன்னா பாசிப்பருப்புக்கு மாறிடுங்க." டவுனில் ஒரு பாத்திர வாடகைக் கடையில் பெரிய குக்கர்கள் கிடைத்தன, ஒன்றுக்கு நாள் வாடகை 150 ரூபாய். அரிசியை அரைமணி நேரம் ஊறவைத்து, வழக்கத்தைவிடத் தண்ணீர் கூட வைத்து, மூடிமேல் கல் தூக்கி வைப்பது என்று முடிவானது. இதையெல்லாம் திங்கட்கிழமை 140 பிள்ளைகள் தட்டோடு வந்து நின்ற பிறகு கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! முன்கூட்டி வருவது எதற்கு என்று கேட்ட கமிட்டிக்காரர்களுக்கு இந்த ஒரு வார்ப்பு பருப்பையே பதிலாகச் சொல்லலாம்.

சாப்பாடு மூன்று மணிக்கு. ரசமும் உருளைக்கிழங்கும். எல்லோரும் பசியில் வாரி வாரிச் சாப்பிட்டோம்.

மே 3, சனி

இன்று அலங்காரம். இந்த வருடத் தலைப்பு "நல்ல மேய்ப்பன்". தோரணம் போய்விட்டதால் என்ன செய்வது என்று நேற்று இரவே பேசினோம். மளிகைச் சாமான் வந்த அட்டைப்பெட்டிகளை வெட்டி ஆடுகள் செய்தார்கள். உடம்புக்குப் பஞ்சு, முகத்துக்குக் கரி. கொடிகளுக்குப் பழைய சேலைகள். அக்கா தன் வீட்டிலிருந்து மூன்று சேலை கொண்டு வந்தார், ஒன்று அவர் மகள் சடங்குக்குக் கட்டிய பச்சைச் சேலை. "சும்மாதான் மடிச்சு வெச்சிருந்தேன், கிழிச்சுக்கோங்க" என்றார். அதைக் கிழிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. முழுசாக மேடையின் பின்னால் மலைச்சரிவு மாதிரி மடிப்பு வைத்துத் தொங்கவிட்டாள் அலங்காரத் தங்கச்சி. கடையில் வாங்கிய தோரணத்தைவிட இது பலமடங்கு அழகு.

மேடையில் வைக்கும் ஆட்டுத் தொழுவத்துக்காகக் குச்சி பொறுக்கி வரப்போன தம்பிகளை அக்காவின் கணவர் தடுத்தார். சோலைக்காட்டுக்குள் பிள்ளைகள் போகவே கூடாது, வேலிக்கு இந்தப் பக்கம் விழுந்த குச்சிதான் எடுக்கலாம் என்றார். எதற்கு என்று சாயங்காலம் தெரிந்தது. சமையலறைக்குப் பின்னால் முட்டைக்கோஸ் தழைகளைக் குழியில் கொட்டியிருந்தோம். ஆறு மணிக்குச் சத்தமே இல்லாமல் ஒரு காட்டுமாடு வந்து நின்றது. கறுத்த உடம்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளைக் காலுறை போட்டது போல வெளுப்பு. அதன் முதுகு என் தலைக்கு மேலே இருந்தது. சாப்பாட்டு அறையில் பாட்டு பழகிக்கொண்டிருந்தவர்கள் போனை எடுத்துக்கொண்டு ஓடிவர, அக்காவின் கணவர் கையைக் காட்டி நிறுத்தினார். "கதவைச் சாத்திட்டு உள்ள இருங்க. அது பாட்டுக்குத் தின்னுட்டுப் போயிரும். ஃபிளாஷ் மட்டும் அடிக்காதீங்க." இருபது நிமிடம் நிதானமாகத் தின்றுவிட்டுப் போனது.

அதற்குப் பிறகு உட்கார்ந்து பேசினோம். காய்கறிக் கழிவை இனிக் குழியில் கொட்டுவதில்லை, மூடி போட்ட டிரம்மில் போட்டுக் காலையில் அக்காவின் மாடுகளுக்கு. இருட்டிய பிறகு பிள்ளைகள் விடுதியிலிருந்து சாப்பாட்டு அறைக்குத் தனியாக வரக்கூடாது. ஒவ்வொரு குழுவோடும் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். பெண் பிள்ளைகள் விடுதி வாசலில் இரவு விளக்கு எரிய வேண்டும், இரண்டு டீச்சர்கள் உள்ளேயே படுக்க வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக்கூடாது என்ற விதியை எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்டோம். இதைச் சங்கடமாக நினைத்த ஒருவரிடம் நர்ஸ் தங்கச்சி அழுத்தமாகவே சொன்னாள், "அண்ணே, இது உங்க மேல சந்தேகம் இல்ல. பெத்தவங்க நம்பி அனுப்புறாங்க." நானும் அதே கட்சி. முகாமில் பாட்டு சுமாராக இருக்கலாம், சாப்பாடு ஒரு நேரம் பிந்தலாம். இதில் மட்டும் எந்தத் தளர்வும் கூடாது.

அண்ணாச்சி இட்லி மாவு அரைத்து வைத்தார். ஊரில் இரவு கரைத்தால் காலையில் பொங்கி வழியும். இங்கே குளிரில் நேற்று வைத்த மாவு காலையில் கல் மாதிரி அப்படியே கிடந்தது. இன்று மதியம் இரண்டு மணிக்கே அரைத்து, அணைந்த அடுப்பின் பக்கத்தில் சாக்குச் சுற்றி வைத்திருக்கிறார்.

மே 4, ஞாயிறு

ஊரிலிருந்து அம்மா போன் செய்தார். இன்று கத்திரி வெயில் தொடக்கம், வீட்டில் மின்விசிறி அனல் வீசுகிறதாம். நான் குல்லா போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்தேன்.

காலை ஆராதனைக்குப் பக்கத்துத் தமிழ்ச் சபைக்குப் போனோம். ஈரச் சேலைத் தலைப்பும் ஸ்வெட்டருமாகப் பெண்கள், கேரட் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் பலர். ஆராதனை முடிந்ததும் வாசலில் சுக்குக் காபி கொடுத்தார்கள். எங்கள் முகாமைப் பற்றிக் கேட்ட ஒரு பாட்டி, பிள்ளைகளில் மூச்சிளைப்பு இருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்தார். ஏழு பேர் என்று நர்ஸ் சொன்னாள். "மூடுபனி எறங்குற நேரத்துல அதுகளை ஓட விடாதீங்க தாயி" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். யாருடைய பிள்ளைகளோ. அவ்வளவு அக்கறை.

அங்கிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. மே தின விடுமுறையில் வந்தவர்கள் இன்னும் இறங்கவில்லை, நடக்க இடமில்லை. மண் ஒட்டிய கேரட் கிலோ 40, பட்டர் பீன்ஸ் 120, முட்டைக்கோஸ் 25. மலைப்பூண்டு 400 சொன்னார்கள். கொடைக்கானல் பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அந்த விலைக்கு அது தகும், ஆனால் எங்கள் ரசத்துக்குக் கட்டாது. அரைக் கிலோ மட்டும் வாங்கினோம். மூட்டை தூக்கி வந்த பெரியவர் 100 ரூபாய் கேட்டார், வேன் வரை வந்தபின் இரண்டு பிளம்ஸ் பழத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனார். புளிப்பு, ஆனால் அருமை.

மாலையில் ஐயர் (எங்கள் போதகரை அப்படித்தான் சொல்வோம்) வந்து சேர்ந்தார். ஜெபக்கூட்டத்தில் அவர் பேசியது எனக்குப் புதிது. இந்த ஊர் உருவானதே நோய்க்குப் பயந்து மலையேறியவர்களால்தான். மதுரையில் பணிசெய்த அமெரிக்க மிஷனெரிகள் கீழே காய்ச்சலிலும் காலராவிலும் மனைவி மக்களைப் பறிகொடுத்து, 1845-இல் இங்கே முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். பெரியகுளம் பக்கத்திலிருந்து ஒற்றையடிப் பாதை. நடந்தோ குதிரையிலோ வர வேண்டும், பெண்களையும் பிள்ளைகளையும் நாற்காலியில் வைத்து ஆட்கள் சுமந்து ஏற்றினார்கள். 1910-களில் மலைச்சாலை வரும் வரை அப்படித்தான். "அந்தத் தூக்கிகளோட பேரு எந்தப் புஸ்தகத்துலயும் நான் பார்க்கல" என்று ஐயர் நிறுத்தினார். பிறகு சமையல் கையாட்கள் இரண்டு பேரையும் பெயர் சொல்லி எழுப்பி, அவர்களுக்காகத்தான் முதலில் ஜெபித்தார். அவர்களில் சின்னவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மே 5, திங்கள்

அதிகாலை நாலரைக்குப் பஸ் கிளம்பிவிட்டதாகச் செய்தி. வண்டி எண்ணைச் சரிபார்த்து இ-பாஸ் படத்தையும் அனுப்பியிருந்தார்கள். வத்தலக்குண்டில் இட்லி மட்டும், பரோட்டா கிடையாது என்று பொறுப்பாளர் கறாராக நின்றிருக்கிறார். ஆளுக்கொரு துணிப்பை, அதில் எலுமிச்சம்பழம். அப்படியும் பதினொரு பேர் வாந்தி.

நாங்கள் இங்கே கடைசி நேர வேலைகளில் ஓடிக்கொண்டிருந்தோம். கட்டிலுக்குக் கட்டில் பெயர்ச்சீட்டு, குழுவுக்கு ஒரு நிற ரிப்பன், மருந்துப்பெட்டியில் பிள்ளை வாரியாக உறை. போர்வை இருபத்தைந்து குறைந்தது. நாள் வாடகை ஐம்பது ரூபாய்க்கு எடுத்தோம். காலையில் மின்சாரம் போய் மைக் டெஸ்ட் நின்றது. ரிதம் பேட் வேண்டாம், கை தட்டியே பாடலாம் என்று தம்பிகள் பழகினார்கள், அதுவே நன்றாக இருந்தது.

ஒன்றரைக்கு முதல் பஸ் கேட்டில் திரும்பியது. மழை பெய்துகொண்டிருந்தது. இருக்கிற குடைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு இரண்டு வரிசையாக நின்று, பிள்ளைகளைக் குடைக்கடியிலேயே சாப்பாட்டு அறைக்கு நடத்தினோம். வந்தவுடன் பாட்டு, வரவேற்பு எல்லாம் வைத்திருந்தோம். வெளுத்துப்போன முகங்களைப் பார்த்ததும் ஐயர் அதையெல்லாம் சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டு, "முதல்ல சாப்பாடு" என்றார். எட்டு வயதுப் பையன் ஒருவன் பஸ்ஸைவிட்டு இறங்கமாட்டேன் என்று சீட்டைப் பிடித்துக்கொண்டு அழுதான். அண்ணாச்சி சமையலை விட்டுவிட்டு ஏறிப்போய், அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் ஊர் எது, யார் மகன் என்று கேட்டு, அவன் தாத்தா கல்யாணத்துக்குத் தன் அப்பாதான் சமைத்தார் என்பதுவரை கண்டுபிடித்துவிட்டார். இருவரும் பேசிக்கொண்டே இறங்கினார்கள்.

சோறு, சாம்பார், பட்டர் பீன்ஸ் கூட்டு, அப்பளம். பருப்பு வெண்ணெயாகக் குழைந்திருந்தது. இரண்டாம் தரம் சாம்பார் கேட்ட பிள்ளைகளைக் கையாட்கள் எண்ணிக்கொண்டே பரிமாறினார்கள், அண்ணாச்சியிடம் போய்ச் சொல்வதற்காக.

இப்போது மணி பதினொன்று. பெண் பிள்ளைகள் விடுதியில் இன்றைய இரவுக் காவல் எனக்கும் இன்னொரு டீச்சருக்கும். இரண்டு பேருக்கு லேசான தலைவலி, ஒருத்திக்கு வீட்டு ஞாபகம், மூவரும் தூங்கிவிட்டார்கள். நாளையிலிருந்து முகாம் வேலையே முழுநேரமும் சரியாக இருக்கும், எழுத நேரம் கிடைக்காது. காலை ஆறரைக்கு ஜெபம், ஏழரைக்கு இட்லி, பதினோரு மணிக்குத்தான் குளியல்.